கதையில் வரும் கை

"அண்ணி, அது கதைதான்னு நீங்க வந்து சொல்லணும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சின்னவன் சொன்னது இதுதான். கையில் ஆலை முத்திரை குத்திய உறை. முகத்தில் மூன்று நாள் தாடி.

"எது தம்பி?"

"நான் எழுதினதுதான். ஆலை மலர்ல வந்துச்சே, 'மூடி'ன்னு."

"அது கதையான்னு எனக்கே சந்தேகம்னு அன்னிக்கே சொன்னேனே."

"அதான் அண்ணி. 'இது கதையே இல்ல, நடந்ததை அப்படியே எழுதி வச்சிருக்கே'ன்னு நீங்க சொன்னீங்க. இப்ப அவங்களும் அதையேதான் சொல்றாங்க. நிறுவனத்துக்குக் களங்கம் பண்ணிட்டேன்னு சார்ஜ் ஷீட் குடுத்துட்டாங்க."

உள்ளே செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்த அண்ணன் தாளைத் தாழ்த்தாமலே சிரித்தார். "ஆக, உன் விமர்சனத்தை இத்தனை வருஷத்துல ஒத்துக்கிட்டது அந்த பாக்டரி மேனேஜ்மென்ட் ஒண்ணுதான்."

அண்ணி கல்லூரியில் இலக்கியம் சொல்லிக்கொடுப்பவள். ஓய்வுபெற அதிக காலம் இல்லை. வீட்டில் அவள் படிப்புக்கு இருந்த மரியாதை, அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் நல்ல பீங்கான் தட்டுகளுக்கு இருக்கும் மரியாதை. யாரும் குறை சொல்ல மாட்டார்கள். யாரும் எடுத்துச் சாப்பிடவும் மாட்டார்கள்.

சின்னவனுக்கு வேலை, டப்பாக்களுக்குத் தகர மூடி அடிக்கும் ஆலையில். வரிசையாகப் பிரஸ்கள். தகடு வைக்க வேண்டும், பொத்தானை அழுத்த வேண்டும், மேலிருந்து அச்சு இறங்கி மூடியை வெட்டிப் போடும். ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் முன்னால் ஒரு கம்பிவலைத் தடுப்பு உண்டு. கார்டு என்பார்கள். அது மூடினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே இருக்கும்போது இறங்காது. ஆனால் அது மூடித் திறக்கும் நேரத்தில் இன்னொரு மூடி அடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டவர் ஒருவர் இருந்தார். அவர் அந்த வரிசையின் சூப்பர்வைசர். வாயிலிருந்து விசிலை எடுக்காதவர் என்பதால் அவருக்குப் பெயரே விசில். ஆர்டர் குவிந்த நாட்களில் கார்டுகளையெல்லாம் கழற்றி ஓரமாக வைக்கச் சொன்னார்.

சின்னவனுக்குப் பக்கத்துப் பிரஸ்ஸில் நின்றவளைப் பாட்டுக்காரி என்பார்கள். அந்த இரைச்சலில் தன் குரல் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் நாள் முழுக்க வாய்விட்டுப் பாடிக்கொண்டிருப்பாள். உதடு அசைவது மட்டும் தெரியும். ஒருநாள் அச்சு அவள் வலது கைமேல் இறங்கியது. இரண்டு விரல்கள் போயின.

அதிகமாக மூடி அடித்து ஊக்கத்தொகை வாங்கும் ஆசையில் கார்டை அவளே கழற்றிவிட்டாள் என்று ஆலை எழுதி வைத்தது. தன் தவறென்றால் இழப்பீடு கிடையாது. அவள் வழக்குப் போட்டாள். கழற்றச் சொன்னது யாரென்று அந்த வரிசையில் எல்லோருக்கும் தெரியும். சாட்சிக் கையெழுத்து என்றதும் எல்லோருக்கும் வீட்டில் ஏதோ ஒரு வேலை வந்துவிட்டது. சின்னவனுக்கும்தான். அவன் நேரே வீட்டுக்குப் போய்ப் படுக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். உட்கார்ந்து ஒரு கதை எழுதினான். சாட்சி சொல்லக் கை வரவில்லை, கதை எழுத வந்தது.

ஆலை மலருக்கு ஆசிரியர் பணியாளர் அதிகாரி. சேர்மன் உரை, விளையாட்டு விழாப் படங்கள், பரிசு வாங்கிய பிள்ளைகளின் படங்கள் எல்லாம் போட்டும் ஒன்றரைப் பக்கம் மீந்தது. சின்னவன் கொடுத்ததை அவர் படிக்கவில்லை, நீளத்தை மட்டும் பார்த்தார். சரியாக இருந்தது. போட்டுவிட்டார். அதை யாரும் சீண்டவில்லை. பிறகு யாரோ அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டி, கேன்டீனில் கை கழுவும் குழாய்க்கு மேலே ஒட்டினார்கள். சாப்பிட வந்தவர்கள் எல்லோரும் கை கழுவிக்கொண்டே படித்தார்கள். விசிலும் கை கழுவ வந்தார்.

"யூனியன்ல கேட்டியாடா?" என்றார் அண்ணன்.

"கேட்டேன். 'சம்பளம்னா பேசுவோம், போனஸ்னா பேசுவோம். சிறுகதையில எங்களுக்கு அனுபவம் இல்ல தோழரே'ன்னுட்டாங்க. ஆனா இலக்கியம் தெரிஞ்ச ஒருத்தரை உதவிக்குக் கூட்டிட்டு வரலாம்னு விசாரணை அதிகாரி சம்மதிச்சிருக்கார்."

"அப்புறம் என்ன? முப்பது வருஷமா ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்குடுத்த படிப்பு. ஒரு தடவையாவது வீட்டுக்கு உபயோகப்படட்டும்."

அண்ணி அந்தக் குத்தலைக் காதில் வாங்கவில்லை. "அந்தப் பொண்ணோட கேஸ் என்ன ஆகும் தம்பி?"

சின்னவன் உறையின் ஓரத்தை நகத்தால் கீறினான். "அவங்க வக்கீல் இந்தக் கதையைக் காட்டித்தான் என்னை சாட்சிக்குக் கூப்பிடப் போறாராம். நடந்ததுன்னு நான் ஒத்துக்கிட்டா எனக்கு வேலை போச்சு. கற்பனைன்னு சொன்னா அவங்களுக்குக் கேஸ் போச்சு."

"நீ என்ன நினைக்கறே?"

"நினைக்கறதுக்கு எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு அண்ணி."

"அவளுக்கும் இருக்குமே."

அண்ணன் இப்போது தாளைத் தாழ்த்தினார். "இருக்கட்டும். அந்தப் பொண்ணுக்கு நீ அண்ணி இல்ல."

*

பாட்டுக்காரி கல்லூரிக்கே வந்துவிட்டாள். ஆசிரியர் அறையில் மேசைக்கு இரண்டு அடுக்காக விடைத்தாள்கள். வாசலில் நின்று, "இலக்கிய டீச்சர் யாரு?" என்று கேட்டாள். அறையிலிருந்த ஐந்து பேரும் நிமிர்ந்தார்கள்.

"கவிஞரோட அண்ணி," என்று அவள் சொன்ன பிறகுதான் நான்கு பேர் குனிந்தார்கள். ஆலையில் சின்னவனுக்கு அந்தப் பெயர் வந்து ஒட்டியிருந்தது.

அண்ணி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். வந்தவள் வலது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு இடது கையால் நாற்காலி முதுகைத் தொட்டுப் பார்த்து உட்கார்ந்தாள்.

"கவிஞர் அனுப்பினாரோன்னு நினைக்காதீங்க டீச்சர். அவரு என்னைப் பார்த்தா இப்ப அடுத்த வாசல் வழியா போறாரு. பாவம், அந்த வாசல்லதான் கக்கூஸ்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது.

"கதையைப் படிச்சேன்," என்றாள் அவள். "இப்ப என்னைக் கேன்டீன் வேலைக்கு மாத்தியிருக்காங்க, குழாயடியில படிச்சேன். அன்னிக்கு எனக்குக் கோபம்தான் வந்துச்சு. இவ்வளவையும் பார்த்திருக்கான், கையெழுத்துக் கேட்டப்போ மட்டும் கண்ணு தெரியலியான்னு. அப்புறம் இன்னொரு தரம் படிச்சேன். அச்சு இறங்கறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு வாய் அசைஞ்சுகிட்டு இருந்துச்சுன்னு எழுதியிருக்காரு. அட, ஒருத்தன் என்னைப் பார்த்துகிட்டு இருந்திருக்கான். அதோட கோபம் போச்சு."

"நான் உங்களுக்கு என்ன செய்யணும்?"

"செய்ய ஒண்ணும் இல்ல. கதையில வந்ததெல்லாம் நடந்ததுதான்னு அவரு ஒரு வார்த்தை சொன்னா எனக்குப் போதும். வேற யாரும் சொல்ல மாட்டாங்க. சொன்னா அவரு வேலை போயிடும்னு எனக்கும் தெரியும். கேக்கறதுக்கு எனக்கு வாய் இல்ல. அதான் அவர்கிட்ட கேக்காம உங்ககிட்ட கேக்கறேன்."

"அவன் முடிவு பண்ண வேண்டியதும்மா."

"உதவிக்கு நீங்கதான் போறீங்களாமே." அவள் மேசைமேலிருந்த விடைத்தாள்களைப் பார்த்தாள். "இதெல்லாம் உங்க பாடமா? இலக்கியம்னா அதுல என்ன டீச்சர் வரும்? கதையா?"

"கதை, பாட்டு, நாடகம். மத்தவங்க வாழ்க்கைக்குள்ள போய்ப் பார்க்கற படிப்புன்னு வச்சுக்கோங்க. நமக்கு நடக்காததையும் நமக்கு நடந்த மாதிரி தெரிஞ்சுக்கறது."

ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் சொல்லும் பதில். வகுப்பில் அதைக் கேட்டுப் பிள்ளைகள் குறிப்பு எழுதுவார்கள். பாட்டுக்காரி எழுதவில்லை. நிம்மதியாக மூச்சு விட்டாள்.

"அப்ப சரி," என்றாள். "உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல."

*

விசாரணை ஆலையின் பயிற்சிக் கூடத்தில் நடந்தது. நீள மேசை, சுவரில் 'முதலில் பாதுகாப்பு' என்ற பலகை, பலகைக்குக் கீழே முன்வலை இல்லாத ஒரு மின்விசிறி. விசாரணை அதிகாரி வயதான வக்கீல். ஆலைக்கு இந்த மாதிரி வேலைகளைச் செய்து கொடுப்பவர். வெள்ளை முடி, நல்ல குரல், புத்தகம் படித்த முகம். அவருக்கு இடப்பக்கம் தட்டச்சு செய்யும் எழுத்தர். வலப்பக்கம் பணியாளர் அதிகாரி. தான் படிக்காமல் அச்சுக்கு அனுப்பியது இப்போது அவருக்கு மனப்பாடமே ஆகியிருந்தது. கதவோரம் ஒரு முக்காலியில் பாட்டுக்காரி. அவளை ஆலைதான் சாட்சியாக அழைத்திருந்தது.

அதிகாரியின் முறை எளிமையானது. எழுத்தர் கதையை ஒவ்வொரு வாக்கியமாகப் படிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் உண்மையா, கற்பனையா என்று குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு சொல்ல வேண்டும். அது பதிவாகும்.

"கதையை அப்படிப் பிரிக்க முடியாது சார்," என்றாள் அண்ணி.

"முடியாதுதான் மேடம். ஆனா சார்ஜ் ஷீட்டை வாக்கியம் வாக்கியமாத்தானே போட்டிருக்காங்க. படிங்க."

எழுத்தர் தொண்டையைச் செருமினார். "'அன்று காலையிலிருந்தே மழை.'"

"கற்பனை," என்றான் சின்னவன்.

"'கூரைத் தகரத்தில் மழை விழும் சத்தம் பிரஸ்களின் சத்தத்தில் கேட்கவில்லை.'"

"கற்பனை."

"'மூன்றாவது பிரஸ்ஸில் நின்றவளுக்கு அன்று பாதி ஷிப்டிலேயே கால் கடுத்தது.'"

"கற்பனை."

"கால் கடுத்ததெல்லாம் விட்டுடலாமே," என்றார் பணியாளர் அதிகாரி.

"கால் கடுத்தாலும் நிறுவனத்துக்குக் களங்கம்தான்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. மூணாவது பாரா," என்றார் விசாரணை அதிகாரி. "படிங்க."

இப்படியே ஒன்றரைப் பக்கம். கற்பனை, கற்பனை என்று சொல்லிச் சொல்லிச் சின்னவனின் குரல் வற்றிக்கொண்டு வந்தது. எழுத்தர் அந்தச் சொல்லை அடித்து அடித்து, அதற்குள் பார்க்காமலே அடிக்கப் பழகிவிட்டார். முக்காலியில் இருந்தவள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எழுத்தரைப் பார்த்தாள், ஒவ்வொரு பதிலுக்கும் சின்னவனைப் பார்த்தாள்.

"'விரல்கள் தகட்டோடு தகடாகக் கிடந்தன.'"

சின்னவன் தண்ணீர் குடித்தான். "கற்பனை."

"'தடுப்பைக் கழற்றச் சொன்னது யாரென்று அந்த வரிசையில் எல்லோருக்கும் தெரியும்.'"

சின்னவன் தண்ணீர்த் தம்ளரை மேசைமேல் வைத்துத் திருப்பினான்.

"சொல்லுங்க," என்றார் பணியாளர் அதிகாரி. "யாருன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சுதான் எழுதினீங்களா?"

சின்னவன் வாயைத் திறந்தான். அவன் கண் கதவுப் பக்கம் போனது. இவன் சொல்லிவிடப் போகிறான் என்று அண்ணிக்குத் தெரிந்தது. அவனுடைய இரண்டு பிள்ளைகளும், அவன் மனைவி தன் வீட்டு வாசலில் வந்து நிற்கப்போகும் கோலமும் ஒரே கணத்தில் அவள் கண்முன் வந்தன.

"ஒரு நிமிஷம் சார்," என்றாள். "இதைத் தொழிற்சாலைக் கதைன்னு படிக்கறதே தப்பு."

அதிகாரி பேனாவை வைத்தார். "எப்படிப் படிக்கணும்?"

"கதைக்குப் பேரு 'மூடி'. மூடின்னா என்ன? உள்ளே இருக்கறதை மறைக்கறது. மனுஷன் ஒவ்வொரு நாளும் தன்னைத்தானே மூடிக்கற வேலையைத்தான் செய்யறான். இந்த இயந்திரம் இயந்திரம் இல்ல சார். காலம். பாருங்க, ஒரே தாளத்துல மேலேயிருந்து இறங்கிகிட்டே இருக்கு, யாருக்காகவும் நிக்கல. கை இங்க கையே இல்ல. ஆசை. நாம நீட்டறோம், இழக்கறோம். முன்னாடி ஒரு தடுப்பு இருந்துச்சே, அது குழந்தைப் பருவம். அது இருக்கற வரைக்கும் நமக்கு எதுவும் நேராது. அதைக் கழட்டினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும்னு எழுதியிருக்கார். ஏன் தெரியும்? எல்லாருக்கும் அது நடந்திருக்கு. நீங்க கதைக்குள்ள ஒரு சூப்பர்வைசரைத் தேடறீங்க. அங்க அப்படி ஒரு ஆளே இல்ல."

எழுத்தரின் விரல்கள் நின்றிருந்தன.

"அடடா," என்றார் விசாரணை அதிகாரி மெதுவாக. "நான் இதைக் கவனிக்கவே இல்லையே. அப்ப அந்த மழை?"

"மழைச் சத்தம் அவங்களுக்குக் கேக்கல பாருங்க. வெளி உலகம் இருக்கு, ஆனா கேக்கல."

"பிரமாதம். பிரமாதம் மேடம்."

முப்பது வருஷத்தில் அண்ணிக்கு இப்படி ஒரு மாணவன் கிடைத்ததில்லை. கடைசி மணியைப் பார்க்காமல், மதிப்பெண்ணை நினைக்காமல், ஒரு மனிதர் முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். அவள் இரண்டுக்கும் விரிவாகச் சொன்னாள். கொழுந்தனைக் காப்பாற்றத்தான் ஆரம்பித்தாள். ஆனால் காலம், ஆசை என்று போகப் போக, இது பொய் என்ற உறுத்தல் வழியில் எங்கோ கழன்று விழுந்துவிட்டது. உண்மையிலேயே நல்ல கதைதான், அன்றைக்கு நாம் சரியாகப் படிக்கவில்லை என்றே அவளுக்குத் தோன்றிவிட்டது. தன் கதை இவ்வளவு பெரியதா என்று சின்னவன் வாயைப் பிளந்துகொண்டிருந்தான். பணியாளர் அதிகாரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதில் சூப்பர்வைசர் இல்லை என்பதை இலக்கியம் படித்த ஒருவர் வாயால் சொல்லக் கேட்டாகிவிட்டது, இனி அதைப் பதிவும் செய்துகொள்ளலாம். ஒருவனை வேலையை விட்டு அனுப்புவதைவிட அது எவ்வளவோ உபயோகம்.

"மேடம் சொன்னதை ஒரு வார்த்தை விடாம அடிங்க," என்று எழுத்தரிடம் சொன்னார்.

சின்னவன் அந்த வாக்கியத்துக்கும் கற்பனை என்றே சொல்லிப் பதிவில் கையெழுத்துப் போட்டான். பிறகு பாட்டுக்காரியைக் கூப்பிட்டார்கள். அவள் முக்காலியிலிருந்து எழுந்து மேசைக்கு வந்தாள். கையை இப்போது மறைக்கவில்லை.

"இந்தக் கதையில வர்ற பொண்ணு நீங்கதானா?"

அவள் கொஞ்ச நேரம் அண்ணியைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அண்ணி தாங்கியிருப்பாள். கடையில் விலை அதிகமான ஒரு பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"இல்லீங்க," என்றாள். "அந்தப் பொண்ணுக்கு விரல் காலத்துல போயிருக்கு. எனக்கு பிரஸ்ல போச்சு."

எழுத்தர் திரும்பி அதிகாரியைப் பார்த்தார். "சார், இதை முழுசா அடிக்கறதா?"

"கேட்ட கேள்விக்கு 'இல்லை'ன்னு பதில் சொன்னாங்க. அதை அடிங்க, போதும்."

*

சின்னவன் மேல் குற்றம் நிரூபணமாகவில்லை என்று ஆலை எழுதிக் கொடுத்தது. அண்ணன் அன்று தானே டீ போட்டு எடுத்துவந்து அண்ணிக்குக் கொடுத்தார். "பரவாயில்லையே, உன் படிப்பு," என்றார். பணியாளர் அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டு, அந்த விளக்கத்தை ஆலை மலரின் அடுத்த இதழுக்கு ஒரு கட்டுரையாகத் தர முடியுமா என்று கேட்டார். அண்ணி முடியாது என்று சொல்லவில்லை. பரீட்சை வேலை இருக்கிறது என்றாள்.

சின்னவன்தான் சரியாகவே இல்லை. வருவான், உட்காருவான், பேச்சின் நடுவில் எழுந்து போய்விடுவான். ஒருநாள் சொன்னான்: "மூணாம் நம்பர்ல புதுசா ஒரு பொண்ணைப் போட்டிருக்காங்க அண்ணி. சின்னப் பொண்ணு. கார்டு இன்னும் மாட்டல."

"போய்ச் சொல்லேன்."

"என்னன்னு சொல்ல? குழந்தைப் பருவத்தைத் திரும்ப மாட்டுங்கன்னா?"

அண்ணி விடைத்தாள் கட்டை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டாள்.

இழப்பீட்டு வழக்கு விசாரணைக்கு வந்தபோது அவள் போனாள். போகாதே என்று அண்ணன் சொன்னதால் போனாள் என்றும் சொல்லலாம். அரசாங்கக் கட்டடத்தில் இரண்டாம் மாடி. சுவரோரம் கட்டுக் கட்டாகக் கோப்புகள், நடுவில் இழப்பீட்டு அதிகாரி. சாட்சிக் கூண்டு கிடையாது. ஒரு நாற்காலிதான். பாட்டுக்காரியின் வக்கீல் சின்னவனை அதில் உட்காரச் சொன்னார்.

"கார்டைக் கழட்டச் சொன்னது யாரு?"

"எங்க சூப்பர்வைசர்," என்றான் சின்னவன்.

அவன் இதைச் சொல்வான் என்று அண்ணி எதிர்பார்க்கவில்லை. பாட்டுக்காரியும் எதிர்பார்க்கவில்லை என்பது அவள் முதுகு நிமிர்ந்ததில் தெரிந்தது. "நான் பக்கத்துப் பிரஸ். என் கார்டையும் கழட்டச் சொன்னார். என் கண்ணால பார்த்தேன். அதைத்தான் கதையா எழுதினேன்." இத்தனை மாதம் தொண்டையில் நின்ற எலும்புத் துண்டைத் துப்பியவன் மாதிரி இருந்தான்.

ஆலைத் தரப்பு வக்கீல் எழுந்தான். சின்ன வயசு. கறுப்புக் கோட்டு புதுசு.

"கதையா எழுதினீங்க. சரி. ஆலை விசாரணையில இந்தக் கதையில ஒவ்வொரு வாக்கியமும் கற்பனைன்னு சொல்லி, கையெழுத்தும் போட்டிருக்கீங்க. இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா. அது வேலைக்குப் பயந்து சொன்னது."

"அப்ப பயந்தா பொய் சொல்வீங்க. இன்னிக்கு யாருக்குப் பயந்து சொல்றீங்க?"

சின்னவன் பதில் சொல்வதற்குள் வக்கீல் காகிதத்தைத் திருப்பிவிட்டான். "பயத்துல 'கற்பனை'ன்னு ஒரு வார்த்தை சொல்லலாம். ஒத்துக்கறேன். ஆனா இதைக் கேளுங்க ஐயா." அண்ணியின் விளக்கத்தை முழுதாகப் படித்தான். நன்றாகப் படித்தான். இயந்திரம் இயந்திரம் இல்லை என்ற இடத்தில் நிறுத்தி, காலம் என்ற சொல்லைத் தனியாக எடுத்து வைத்தான். "இப்படி ஒரு ஆழமான அர்த்தத்தோட எழுதப்பட்ட கதையை, பயத்துல சொன்ன பொய்யா எடுத்துக்க முடியுமா? இவ்வளவையும் யோசிச்சு எழுதினவர், இப்ப வெறும் விபத்தைப் பார்த்து எழுதினேன்னு சொன்னா, எதை நம்பறது?"

இழப்பீட்டு அதிகாரி சின்னவனைக் கேட்டார்: "இந்த அர்த்தமெல்லாம் நீங்க நினைச்சுத்தான் எழுதினீங்களா?"

"இல்ல சார். அது எங்க அண்ணி சொன்னது."

"அன்னிக்கு மறுத்தீங்களா?"

"இல்ல சார்."

வெளியே தாழ்வாரத்தில் அந்த வக்கீல் அண்ணியைத் தேடிக்கொண்டு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"மேடம், என்னைத் தெரியலையா? உங்ககிட்ட மூணு வருஷம் படிச்சேன். சட்டம் படிக்கப் போறதுக்கு முன்னாடி. கடைசி பெஞ்ச்."

இப்போது தெரிந்தது. எப்போதும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

"பதிவுல உங்க பேரைப் பார்த்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா மேடம்? இலக்கியம் படிச்சு என்னடா பண்ணப்போறேன்னு வீட்டுல கேக்காத நாள் இல்ல. ஒரு வார்த்தைக்குள்ள எத்தனை அர்த்தம் வைக்கலாம்னு தெரிஞ்சவனுக்கு எந்தக் கேஸும் கஷ்டமில்ல மேடம். இன்னிக்கு ஜெயிக்கறது நான் இல்ல. நீங்க."

"நான் அதுக்காகச் சொல்லிக்குடுக்கல தம்பி."

"தெரியும் மேடம்," என்றான் மரியாதையாக. "ஆனா அதுக்கும் உதவுது."

அவன் போன பிறகு சின்னவன் படியிறங்கி வந்தான். அவளைப் பார்த்து நின்றான்.

"ஆலைல இருந்து ஆள் வந்திருக்கான் அண்ணி. நாளைக்கு அடுத்த சார்ஜ் ஷீட் வரும். விசாரணையில பொய் சொன்னதுக்கு. இந்தத் தடவை நானே பார்த்துக்கறேன். நீங்க வர வேண்டாம்."

திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவன் வழக்கம்போல அண்ணிக்குரிய மரியாதையோடுதான் சொன்னான்.

சின்ன வழக்கு என்பதால் மதியத்துக்குப் பிறகே உத்தரவைக் கொடுத்துவிட்டார்கள். அண்ணி கீழே வரும்போது பாட்டுக்காரி வாசல் பெஞ்சில் அதை மடியில் விரித்து வைத்திருந்தாள். அண்ணி அவளைக் கடந்து போயிருக்கலாம். கடக்க முடியவில்லை.

"உட்காருங்க டீச்சர்," என்றாள் அவள். "இதைக் கொஞ்சம் படிங்க."

"உங்களுக்குத்தான் படிக்கத் தெரியுமே."

"தெரியும். கதையைப் படிச்சேன், புரிஞ்சுது. இது புரியல. நீங்க விளக்கிச் சொல்றவங்களாச்சே."

"நான் அன்னிக்கு..." என்று அண்ணி ஆரம்பித்தாள். "அவன் வேலையை..."

"அதெல்லாம் எனக்குத் தெரியாததா? எனக்கு ஒரு கொழுந்தன் இருந்து, உங்க கை போயிருந்தா, நானும் உங்க கையைத்தான் விட்டிருப்பேன். ஆனா இவ்வளவு அழகா விட்டிருக்க மாட்டேன். படிங்க."

அண்ணி காகிதத்தை வாங்கினாள். மனுதாரர் இன்னார், எதிர்மனுதாரர் இன்னார் என்று தொடங்கியது. சாட்சியின் இரு வாக்குமூலங்களும் முரண்படுகின்றன என்றது. அவள் படித்துக்கொண்டே போனாள்.

"'மேற்படி கதையில் வரும் கை கையன்று, ஆசையே என இலக்கியத்தில் புலமை வாய்ந்த பேராசிரியை ஒருவர் அளித்துள்ள விளக்கம் ஏற்கத்தக்கதாக உள்ளது. அதில் வரும் தடுப்பு என்பதும் ஆலையில் உள்ள தடுப்பைக் குறிப்பதாகக் கொள்ள இயலாது. ஆகவே தடுப்பை அகற்றியவர் மனுதாரரே என்ற எதிர்மனுதாரரின் கூற்று மறுக்கப்படாமல் நிற்கிறது. மனு தள்ளுபடி செய்யப்படுகிறது.'"

பக்கத்தில் யாரோ ஒரு காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாட்டுக்காரி கையை நீட்டிக் காகிதத்தை வாங்கிக்கொண்டாள். மூன்று விரல்களால் அதை மடிக்க வராமல் முழங்காலில் வைத்து அழுத்தினாள். உதவ நீண்ட அண்ணியின் கையைக் கவனிக்காதவள்போல இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்து மடித்தாள்.

"நல்லா படிக்கறீங்க டீச்சர்," என்றாள். "ஒரு இடத்துல கூடத் தடுமாறல."

அது உண்மைதான் என்று அண்ணிக்கு அப்போதுதான் உறைத்தது. தன்னுடைய வாக்கியம் வந்த இடத்தில்கூட வாசிப்பு இடறவில்லை. வகுப்பில் படிக்கும் பழக்கத்தில், 'கையன்று' என்ற சொல்லுக்குப் பிறகு குரல் தானாக ஒரு கணம் நின்று, கேட்பவருக்கு அர்த்தம் போய்ச் சேர இடம் விட்டிருந்தது.